எந்தப் பெட்டியை முதலில் திறப்பது?

அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தின் மேற்குக் கோடியில், மிசிசிப்பி நதிக்கரையில், மெம்பிஸ் என்றொரு நகரம் இருக்கிறது. 2021 செப்டம்பர் 21ஆம் தேதி அந்த நகரத்துக் கறுப்பினப் பெண் ஒருவர் போலீசாரிடம் போனார். ஒருவன் துப்பாக்கியைக் காட்டித் தம்மைப் பலாத்காரம் செய்ததாகப் புகார் கொடுத்தார். அன்றே அவருடைய உடலைப் பரிசோதித்துத் தடயங்களைச் சேகரித்தார்கள். அவற்றை ஒரு பெட்டியில் வைத்து முத்திரையிட்டார்கள். இரண்டு நாள் கழித்து, 23ஆம் தேதி, பெட்டி மாநில சர்க்காரின் ஆய்வுக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

பெட்டியோடு போன தாளில், சந்தேகப்படும் ஆள் யார் என்ற குறிப்பு இல்லை. அவசரம் என்ற குறிப்பும் இல்லை. ஆளின் பெயரில் தமக்குத் தெரிந்த பகுதியையும் அவனுடைய போன் எண்ணையும் போலீசாரிடம் கொடுத்ததாக அந்தப் பெண் பின்னாளில் தொடுத்த வழக்கில் கூறினார். ஆனால் ஆய்வுக்கூடத்தைப் பொறுத்தவரை அது நூறோடு நூற்றொன்றாக வந்த பெட்டி. அலமாரியில் ஏறி உட்கார்ந்தது.

2022 ஜூன் 24ஆம் தேதிதான் அதை அலமாரியிலிருந்து இறக்கினார்கள். ஆகஸ்ட் 29ஆம் தேதி முதல் அறிக்கை தயாராயிற்று. செப்டம்பர் 5ஆம் தேதி, டி.என்.ஏ. பதிவேட்டோடு ஒப்பிட்டதில், ஆள் இன்னான் என்று தெரிந்தது.

அதற்கு மூன்று நாள் முன்னால், செப்டம்பர் 2ஆம் தேதி விடியற்காலையில், அதே ஆள் அதே நகரத்தில் ஒரு பள்ளி ஆசிரியையைக் கடத்திக் கொண்டுபோய்க் கொன்றுவிட்டான். பதினோரு மாதத்துக்கு மேல் ஊமையாகக் கிடந்த பெட்டி வாய் திறந்தபோது, அவன் ஏற்கெனவே ஜெயிலில் இருந்தான். ஆசிரியையின் சடலம் கிடைத்ததும் அந்த நாளில்தான்.

இவன் யார்? போலீசாருக்குத் தெரியாத புதிய ஆளா? இல்லை. 2000ஆம் ஆண்டிலேயே ஒரு வக்கீலைக் கடத்திய குற்றத்துக்காக 24 ஆண்டுத் தண்டனை பெற்றவன். சுமார் 20 ஆண்டு சிறையில் இருந்துவிட்டு 2020 நவம்பரில் வெளியே வந்தவன். நம் ஊர் போலீஸ் ஸ்டேஷன் பாஷையில் சொன்னால், கேடிப் பட்டியலில் பெயர் உள்ளவன். 2024இல் முதல் பெண்ணின் கேஸில் அவனுக்கு 80 ஆண்டுத் தண்டனை கிடைத்தது. 2025இல் கொலைக் குற்றத்தையும் ஒப்புக்கொண்டு ஆயுள் தண்டனை பெற்றான். சட்டம் தன் கடமையைச் செய்துவிட்டது என்று சிலர் சொல்லலாம். ஒரு பெண்ணின் உயிர் போன பிறகு செய்த கடமை அது.

இன்னொரு விஷயத்தையும் தோழர்கள் கவனிக்க வேண்டும். அந்த ஆசிரியை வசதியுள்ள குடும்பத்தைச் சேர்ந்தவர். அவர் கடத்தப்பட்ட இடத்தில் கிடந்த ஒரு ஜோடி செருப்பிலிருந்து டி.என்.ஏ. எடுத்தார்கள், பரிசோதித்தார்கள், மறுநாளே ஆளைப் பிடித்தார்கள். அதே மாநிலம், அதே சோதனை. ஒரு கேஸில் ஒரே நாளில் முடிந்த காரியம், மற்றொரு கேஸில் ஓராண்டுக்குச் சற்றுக் குறைவான காலம் ஆயிற்று. ஆகவே, செய்ய முடியாமல் போயிற்று என்று யாரும் சொல்ல முடியாது. செய்யவில்லை என்பதுதான் உண்மை.

இது எங்கேயோ அமெரிக்காவில் நடந்தது, நமக்கென்ன என்று சில தோழர்கள் கேட்கலாம். வரிசையில் யாரை முன்னால் நிறுத்துவது, யாரைப் பின்னால் தள்ளுவது என்பது உழைக்கும் ஜனங்களுக்குப் புதிய கேள்வி அல்ல. ஆஸ்பத்திரி வாசலிலும் தாலுகா ஆபீஸ் வாசலிலும் தினமும் நின்று பார்த்தவர்கள் நாம். அந்தக் கேள்வி, பலாத்காரத்துக்கு ஆளான பெண்களின் விஷயத்தில் அந்தப் பணக்கார நாட்டில் எப்படி எழுந்தது, அதற்கு அங்கே என்ன வழி சொல்கிறார்கள், அந்த வழி சரிதானா என்பதை ஆராய்வோம்.

பெட்டியின் கதை

முதலில் இந்தப் பெட்டி என்பது என்ன?

பலாத்காரத்துக்கு ஆளான பெண் ஆஸ்பத்திரிக்குப் போனால், நர்ஸோ டாக்டரோ அவருடைய உடலிலிருந்தும் உடைகளிலிருந்தும் தடயங்களை எடுப்பார்கள். பஞ்சுக் குச்சியால் துடைத்தெடுத்த ஈரம், தலைமுடி, நகக்கண்ணின் அழுக்கு, கிழிந்த துணி இவை ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில் போட்டு, பெயரும் நேரமும் எழுதி, ஒரே பெட்டியில் அடுக்கி, முத்திரையிடுவார்கள். இந்தச் சோதனைக்கு நாலு மணி, ஆறு மணி நேரம்கூட ஆகும். பட்ட துன்பம் ஆறுவதற்குள், அந்தப் பெண் குளிக்காமல், உடை மாற்றாமல் இதற்கு உட்பட வேண்டும். தம்மைக் கெடுத்தவன் பிடிபட வேண்டும், இன்னொருத்திக்கு இந்தக் கதி வரக்கூடாது என்ற எண்ணத்தால்தான் பெண்கள் இதைப் பொறுத்துக்கொள்கிறார்கள்.

இந்தப் பெட்டி முறையை உருவாக்கப் பாடுபட்டவர் சிக்காகோவைச் சேர்ந்த மார்த்தா கோடார்ட் என்ற பெண்மணி. ஆஸ்பத்திரிகளில் தடயங்கள் ஒழுங்காகச் சேகரிக்கப்படாமல் கேஸ்கள் கோர்ட்டில் தோற்றுப் போவதைப் பார்த்து, 1970களில் அவர் போலீஸ், ஆஸ்பத்திரி, வக்கீல்கள் என்று வாசல் வாசலாக ஏறி இறங்கினார். 1978இல் சிக்காகோ வட்டார ஆஸ்பத்திரிகளில் பெட்டி நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதற்குச் சூட்டிய பெயர் அவருடையதல்ல. லூயி விட்டுல்லோ என்ற போலீஸ் சார்ஜண்டின் பெயர். கோடார்ட் வெளியுலகம் மறந்துபோன நிலையில் 2015இல் காலமானார். உழைத்தவர் ஒருவர், பெயர் வாங்கியவர் வேறொருவர் என்பது இங்கும் நடந்திருக்கிறது.

பெட்டி வந்த காலத்தில் டி.என்.ஏ. சோதனை கிடையாது. ஒரு மனிதனின் உடலிலுள்ள உயிரணுக்களில் அவனுக்கே உரிய அடையாளம் இருக்கிறது, அதைக் கொண்டு ஆளைக் கண்டுபிடிக்கலாம் என்பது 1980களின் மத்தியில் வந்த விஞ்ஞானம். 1998 முதல் அமெரிக்கா முழுவதற்குமான டி.என்.ஏ. பதிவேடு செயல்பட்டு வருகிறது. பெட்டியில் கிடைக்கும் அடையாளத்தை அந்தப் பதிவேட்டில் ஏற்றினால், முன்பு தண்டனை பெற்றவர்களின் அடையாளத்தோடும், வேறு கேஸ்களில் கிடைத்த அடையாளங்களோடும் அது ஒத்துப்போகிறதா என்று தெரிந்துவிடும். ஒரு நகரத்தில் ஒருத்தியைக் கெடுத்தவனே வேறொரு மாநிலத்தில் இன்னொருத்தியையும் கெடுத்திருந்தால், இரண்டு பெட்டிகளும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லும்.

ஆனால் சாட்சி சொல்லப் பெட்டியைத் திறக்க வேண்டுமே!

டெட்ராய்ட் கிடங்கு

2009 ஆகஸ்டில் டெட்ராய்ட் நகரத்துப் போலீஸ் கிடங்கு ஒன்றில் பல்லாயிரம் பெட்டிகள் தூசி படிந்து கிடப்பதை அரசாங்க வக்கீல் அலுவலகத்தார் கண்டார்கள். எண்ணிப் பார்த்ததில் 11,341 பெட்டிகள். அவற்றில் சில 1980களைச் சேர்ந்தவை. மிகப் பெரும்பாலான பெட்டிகளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பவே இல்லை. அந்த வட்டாரத்தின் தலைமை அரசாங்க வக்கீலான கிம் வொர்தி என்ற கறுப்பினப் பெண்மணி, ஒன்று விடாமல் எல்லாவற்றையும் பரிசோதித்தே தீருவது என்று உறுதி எடுத்துக்கொண்டார்.

டெட்ராய்ட் எப்படிப்பட்ட நகரம் என்று மில் தொழிலாளர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. உலகத்துக்கே கார் செய்து கொடுத்த தொழிலாளர் நகரம் அது. 1950இல் அதன் ஜனத்தொகை 18 லட்சத்துக்கு மேல். பிறகு முதலாளிகள் தொழிற்சாலைகளை மூடினார்கள், வேறு இடங்களுக்குக் கொண்டுபோனார்கள். 2010இல் மிஞ்சியவர்கள் 7 லட்சத்துச் சொச்சம் பேர். 2013 ஜூலையில் நகராட்சியே மஞ்சள் கடுதாசி கொடுத்தது. போக வழியில்லாமல் தங்கிவிட்டவர்களில் பெரும்பாலோர் ஏழைக் கறுப்பின மக்கள். கிடங்கில் கிடந்த பெட்டிகளும் பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்களுடையவை.

அந்தப் பெட்டிகள் ஏன் கிடந்தன? மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரெபெக்கா காம்ப்பெல் என்ற அம்மையாரின் தலைமையில் ஆராய்ந்தவர்கள் இரண்டு காரணங்களைக் காட்டினார்கள். ஒன்று, பணமும் ஆளும் போதவில்லை. மற்றது, புகார் கொடுத்த பெண்களைப் போலீசார் நம்பவில்லை. இவள் நடத்தை கெட்டவள், இவள் பொய் சொல்கிறாள், இவளும் சம்மதித்திருப்பாள் என்று விசாரணைக்கு முன்னாலேயே தீர்ப்பு எழுதிக் கேஸை மூடியிருக்கிறார்கள். அதாவது, பெட்டிகளை வரிசைப்படுத்தும் வேலையை விஞ்ஞானிகள் தொடங்குவதற்கு வெகு காலம் முன்பே ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தவர்கள் செய்து முடித்துவிட்டார்கள். ஆளின் யோக்கியதையைப் பார்த்து அல்ல. பெண்ணின் யோக்கியதையைத் தாங்களே நிர்ணயித்து.

இது டெட்ராய்டில் மட்டும் நடந்ததல்ல. லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் 12,669 பெட்டிகள் சோதிக்கப்படாமல் கிடப்பதாக 2009 மார்ச்சில் ஒரு மனித உரிமை ஸ்தாபனம் அறிக்கை வெளியிட்டது. 2013இல் மெம்பிஸில் 12,000க்கு மேல் என்று தெரிந்தது. ஹூஸ்டனில் 6,663. ஓஹையோ மாநிலத்தில் 2011க்குப் பிறகு ஊர் ஊராகச் சேர்த்ததில் 13,931.

திறந்து பார்த்ததில் என்ன கிடைத்தது? டெட்ராய்டில் முதலில் மாதிரிக்காக 1,595 பெட்டிகளைச் சோதித்தார்கள். அவற்றில் 455 பெட்டிகளின் அடையாளம் பதிவேட்டில் இருந்த அடையாளத்தோடு ஒத்துப்போயிற்று. 127 கேஸ்களில் அதே ஆள் வேறொரு பலாத்காரத்திலும் சம்பந்தப்பட்டவன் என்று தெரிந்தது. எல்லாப் பெட்டிகளையும் சோதித்து முடிக்கக் கிட்டத்தட்டப் பத்தாண்டு பிடித்தது. முடிவில், ஒன்றுக்கு மேற்பட்ட பெண்களைக் கெடுத்தவர்கள் 800 பேருக்கு மேல் என்று கணக்காயிற்று. ஹூஸ்டனில் 850 பெட்டிகள் ஆளைக் காட்டிக் கொடுத்தன. அவர்களில் எத்தனை பேர், முதல் பெட்டி கிடங்கில் தூங்கிய காலத்தில் இரண்டாவது, மூன்றாவது பெண்ணைத் தேடிப் போனார்கள்!

கேடிப் பட்டியல் என்ற வழி

சரி, இப்போது பெட்டிகள் மலைபோலக் குவிந்து கிடக்கின்றன. ஒரு பெட்டியைச் சோதிக்க ஆயிரம் டாலர், ஆயிரத்தைந்நூறு டாலர்வரை செலவாகிறது. ஆய்வுக்கூடத்தில் வேலை தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர். எதை முதலில் எடுப்பது?

சில நகரங்களில், முன்பின் தெரியாதவன் செய்த பலாத்காரம் என்றால் முதலில் எடுப்போம், தெரிந்தவன் செய்தது என்றால் பிறகு பார்ப்போம் என்றார்கள். தெரிந்தவன் யார் என்பதுதான் ஏற்கெனவே தெரியுமே, சோதனை எதற்கு என்பது அவர்கள் வாதம். காம்ப்பெல் குழுவினர் டெட்ராய்ட் பெட்டிகளைக் கொண்டே இதைப் பரிசீலித்தார்கள். இரண்டு வகைப் பெட்டிகளுக்கும் பதிவேட்டில் ஆள் அகப்படுவதில் பெரிய வித்தியாசம் இல்லை என்று கண்டார்கள். கிளீவ்லாந்தில் ஆராய்ந்தவர்களும் அப்படியே சொன்னார்கள். இன்று அறிமுகமானவளைக் கெடுப்பவன் நாளை தெருவில் போகிறவளையும் இழுக்கிறான். அந்த வாதம் அதோடு விழுந்தது.

அடுத்து வந்ததுதான் குற்றப் பின்னணியைப் பார்க்கும் யோசனை. பெட்டியைத் திறப்பதற்கு முன்னால், சந்தேகப்படும் ஆளின் பழைய ரிகார்டை எடுத்துப் பார்ப்பது. பல குற்றங்கள் செய்து வெளியே திரிகிறவனுடைய பெட்டியை முதலில் திறப்பது.

இந்த யோசனையில் நியாயம் இல்லாமல் இல்லை. அதை மறைப்பது நமது வழக்கமல்ல. கிளீவ்லாந்து நகரத்துக் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தார், பழைய பெட்டிகளிலிருந்து வந்த 243 பலாத்காரக் கேஸ்களை ஆராய்ந்து 2016இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவற்றில் 51 சதவீதம், அதாவது பாதிக்கு மேல், திரும்பத் திரும்ப இதே காரியத்தைச் செய்கிறவர்களின் வேலை. அப்படிப்பட்டவர்களில் 74 சதவீதம் பேர், அந்தக் கேஸுக்கு முன்பே ஏதாவதொரு பெரிய குற்றத்துக்காக ஒரு தடவையாவது கைதானவர்கள். மெம்பிஸ் பெட்டியோடு போன தாளில் அந்த ஆளின் ரிகார்டை ஒரு வரி எழுதி, அவசரம் என்று சிவப்பு மையில் கோடு போட்டிருந்தால், ஒரு பெண் இன்று உயிரோடு இருந்திருக்கக்கூடும். இதைப் பார்த்த பிறகும், குற்றப் பின்னணியைப் பார்க்கவே கூடாது என்று நாம் சொல்ல மாட்டோம்.

ஆனால் அதே கணக்கின் மறுபக்கத்தையும் படிக்க வேண்டும். 74 சதவீதம் பேருக்கு ரிகார்டு உண்டு என்றால், 26 சதவீதம் பேருக்கு இல்லை. திரும்பத் திரும்பப் பெண்களைக் கெடுத்தவர்களிலேயே நாலில் ஒருவன் போலீஸ் புத்தகத்தில் சுத்தமானவன். ஒரே ஒரு பலாத்காரத்தில் அகப்பட்டவர்களை எடுத்துக்கொண்டால், சுமார் பாதிப் பேருக்குப் பழைய ரிகார்டு இல்லை. ரிகார்டை மட்டும் பார்த்துப் பெட்டியைத் திறந்தால், இவர்களால் கெடுக்கப்பட்ட பெண்களின் பெட்டிகள் எல்லாம் அடியில் போய்விடும்.

ரிகார்டை எழுதியவர் யார்?

அந்த நாலில் ஒருவனின் ரிகார்டு ஏன் சுத்தமாக இருக்கிறது? அவன் அதற்கு முன் எதுவும் செய்யாதவனாக இருக்கலாம். அல்லது, அவன் முன்னால் கெடுத்த பெண்ணின் பெட்டி கிடங்கில் கிடக்கிறதாகவும் இருக்கலாம்! பெட்டியைத் திறக்காததால் அவன் மேல் கேஸ் இல்லை. கேஸ் இல்லாததால் ரிகார்டு இல்லை. ரிகார்டு இல்லாததால் அடுத்த பெட்டியையும் திறக்கவில்லை. செக்குமாடு சுற்றுகிற கதைதான் இது. பத்திரம் இல்லாதவனுக்குக் கடன் இல்லை, கடன் இல்லாதவன் பத்திரம் வாங்கும் நிலைக்கு வருவதும் இல்லை என்பதைக் கண்ட விவசாயத் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது கேள்வி: ரிகார்டு யாருக்கு ஏறுகிறது? கறுப்பினத்தாரும் ஏழைகளும் குடியிருக்கும் தெருக்களில் போலீஸ் அடிக்கடி நுழைகிறது. சில்லறைக் காரணத்துக்கும் கைது செய்கிறது. ஒரு தொழிற்சாலை மேஸ்திரியோ, வீட்டுச் சொந்தக்காரனோ, காலேஜ் ஆசிரியனோ செய்கிற அக்கிரமம் புத்தகத்தில் ஏறாமலே போய்விடுகிறது. தன் கையின் கீழ் வேலை செய்யும் பெண்ணைக் கெடுப்பவனுக்குக் கேடிப் பட்டியலில் இடமில்லை. ஆகவே ரிகார்டு என்பது, யார் என்ன செய்தான் என்பதைக் காட்டும் கண்ணாடி மட்டுமல்ல; போலீஸ் யாரை எங்கே தேடியது என்பதைக் காட்டும் கண்ணாடியும் ஆகும். கைது என்பது வேறு, குற்றம் ருசுவாவது வேறு என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அப்படியானால், பெட்டிகளைத் திறப்பது ஏழைக் கறுப்பின ஆண்களை வேட்டையாடுவதில் முடியாதா என்று சிலர் அஞ்சுகிறார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. பெட்டி குற்றவாளியை மட்டும் காட்டுவதில்லை, நிரபராதியையும் விடுவிக்கிறது. 1989 முதல் அமெரிக்காவில் டி.என்.ஏ. சோதனையால் நிரபராதிகள் என்று தெரிந்து சிறையிலிருந்து வெளியே வந்தவர்கள் முந்நூறு பேருக்கு மேல். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தார். ஆளைத் தவறாக அடையாளம் காட்டியதால் பல ஆண்டு சிறையில் வாடியவர்கள் இவர்களில் பலர். மூடிய பெட்டி இருதரப்பாருக்கும் அநீதி செய்கிறது.

மூன்றாவது விஷயம்தான் முக்கியம். ரிகார்டு கையிலே இருந்தும் பயன்படாமல் போன கதை ஒன்று உண்டு. கிளீவ்லாந்தில் அந்தோணி சோவெல் என்பவன், பெண் ஒருத்தியைப் பலாத்காரம் செய்ய முயன்ற குற்றத்துக்காக 15 ஆண்டு சிறையில் இருந்து 2005இல் வெளியே வந்தவன். அவன் பெயர் போலீசாரின் பட்டியலில் இருந்தது, வீடும் தெரியும். 2008 டிசம்பரில், அவனுடைய வீட்டிலிருந்து தப்பி வந்த ஒரு பெண் ரத்தம் சொட்டச் சொட்டப் போலீசாரிடம் முறையிட்டார். அவர் பேச்சை நம்ப முடியாது என்று அவனை விட்டுவிட்டார்கள். 2009 அக்டோபர் கடைசியில் அந்த வீட்டைச் சோதனை போட்டபோது, வீட்டிலும் கொல்லையிலுமாகப் பதினொரு பெண்களின் சடலங்கள் கிடைத்தன. அவர்களில் பலர், அந்த முறையீட்டுக்குப் பிறகு கொல்லப்பட்டவர்கள். அத்தனை பேரும் கறுப்பினப் பெண்கள். பலர் போதைப் பழக்கத்தாலும் வறுமையாலும் சீரழிந்தவர்கள். காணாமல் போனபோது தேட ஆளில்லாதவர்கள்.

இங்கே ரிகார்டு இருந்தது. இல்லாதது, புகார் கொடுத்தவளை மனுஷியாக மதிக்கும் மனம். அதை எந்தப் பட்டியலும் கொடுக்காது. ஆளின் ரிகார்டைப் பார்க்கச் சொன்னால், பெண்ணின் ரிகார்டையும் சேர்த்துப் பார்க்கிற புத்தி எங்கும் இருக்கிறது. 2022 பிப்ரவரியில் சான் பிரான்சிஸ்கோவில் வெளியான விஷயம் இதற்குச் சாட்சி. பலாத்காரத்துக்கு ஆளான ஒரு பெண் பல ஆண்டுகளுக்கு முன் கொடுத்த தடயத்திலிருந்த அவருடைய சொந்த டி.என்.ஏ.வையே வைத்திருந்து, பின்னால் ஒரு திருட்டுக் கேஸில் அவரையே கைது செய்திருக்கிறார்கள்! அதே ஆண்டில் கலிபோர்னியா மாநிலம் இதைத் தடுத்துச் சட்டம் செய்ய வேண்டியதாயிற்று. இப்படி ஒரு தடவை நடந்தால் போதும்; பெட்டிக்குச் சம்மதிக்க எத்தனை பெண்கள் பயப்படுவார்கள்!

பணம் இல்லையா?

எல்லாப் பெட்டிகளையும் உடனே சோதிக்கப் பணமில்லை, அதனால்தான் வரிசை என்கிறார்கள். இதையும் பார்ப்போம்.

நியூயார்க் நகரத்தில் சுமார் 17,000 பெட்டிகள் தேங்கிக் கிடந்தன. 2000ஆம் ஆண்டு வாக்கில் வேலையைத் தொடங்கி 2003க்குள் அத்தனையையும் சோதித்து முடித்தார்கள். 2015இல் அந்த நகரின் மன்ஹாட்டன் அரசாங்க வக்கீல் அலுவலகம், மற்ற ஊர்களின் பெட்டிகளையும் சோதிக்க 3 கோடியே 80 லட்சம் டாலர் கொடுத்தது. அது ஏது? சர்க்கார் விதித்த தடைகளை மீறிக் கள்ளத்தனமாகப் பணம் பட்டுவாடா செய்து அகப்பட்ட பெரிய பாங்குகள் கட்டிய தண்டத் தொகை. மத்திய சர்க்காரும் அதே ஆண்டில் 4 கோடியே 10 லட்சம் டாலர் கொடுத்தது. பல ஆண்டுகளாக இல்லாத பணம், ஜனங்கள் குரல் எழுப்பியதும் வந்துவிட்டது.

டெட்ராய்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். நகராட்சி திவாலாகிக் கிடந்த நேரத்தில், ஒரு பெட்டியைச் சோதிக்க 490 டாலர் என்று கணக்கிட்டு, ஊர் ஜனங்களிடம் வசூலில் இறங்கினார்கள். கறுப்பினப் பெண்கள் தங்களுக்குள்ளேயே ஒரு சங்கம்போலக் கூடி, 490 பெண்கள் ஆளுக்கு 490 டாலர் சேர்ப்பது என்று கிளம்பினார்கள். அந்தப் பெண்களின் ஒற்றுமைக்கு நமது வணக்கம். ஆனால் கொலைக் கேஸில் கத்தியைச் சோதிக்க ஊர் வசூல் செய்வதுண்டா? கொள்ளைக் கேஸில் கைரேகை எடுக்க உண்டியல் குலுக்குவதுண்டா? பலாத்காரத்துக்கு ஆளான பெண்ணுக்கு மட்டும் நீதி நன்கொடையால் வர வேண்டுமா?

மெம்பிஸ் கொலைக்குப் பிறகு டென்னசி சர்க்கார் ஆய்வுக்கூடங்களுக்கு 25 புதிய பணியிடங்களை அறிவித்தது. கொலைக்கு முன்னால் அந்த 25 பேரை நியமிக்க முடியாமல் தடுத்தது எது? இதற்கு எந்த மந்திரியாவது பதில் சொல்ல முடியுமா?

நமது கருத்து

வரிசை வேறு, சல்லடை வேறு. வரிசையில் கடைசியில் நிற்பவனுக்கும் ஒரு நேரத்தில் முறை வரும். சல்லடையில் தங்கியது குப்பைக்குப் போகும். குற்றப் பின்னணியைப் பார்ப்பது வரிசைக்காக என்றால் நாம் ஆதரிப்போம். ‘இது போதும், மற்றதை மூடி வை’ என்று சொல்லும் சல்லடைக்காக என்றால் எதிர்ப்போம்.

ஆகவே, முதலாவது, ஒவ்வொரு பெட்டிக்கும் சட்டப்படி கெடு வேண்டும். டெக்சாஸ் மாநிலம் 2019இல் அப்படிச் சட்டம் செய்தது: போலீசார் 30 நாளில் பெட்டியை அனுப்ப வேண்டும், ஆய்வுக்கூடம் 90 நாளில் சோதிக்க வேண்டும். கெடு இருந்தால் வரிசை என்பது சில வாரங்களுக்கான விஷயம். கெடு இல்லாவிட்டால் அது ஆயுள் தண்டனை.

இரண்டாவது, கெடுவுக்குள் முன்பின் வைப்பதற்கு ரிகார்டு ஒன்றே அளவுகோல் ஆகாது. சந்தேகப்படுபவன் வெளியே திரிகிறானா, புகார் கொடுத்தவளின் வீட்டிலோ வேலை செய்யும் இடத்திலோ அவன் அதிகாரம் செலுத்துகிறானா, பாதிக்கப்பட்டது குழந்தையா, வழக்குத் தொடரும் காலவரம்பு முடியப் போகிறதா என்பவையும் சம எடை பெற வேண்டும். ரிகார்டைப் பார்க்கும்போதும் பலாத்காரக் கேஸ் இருக்கிறதா என்று மட்டும் தேடக் கூடாது. கிளீவ்லாந்து ஆராய்ச்சி காட்டியபடி, திருட்டு, அடிதடி, மனைவியை அடித்தது என்று பல தினுசில் ரிகார்டு உள்ளவர்களே அதிகம்.

மூன்றாவது, பெண்ணின் பூர்வோத்தரம், உடை, தொழில், குடி எதுவும் வரிசைக் கணக்கில் நுழையக் கூடாது. அவர் கொடுத்த தடயம் அவருக்கு எதிராகப் பயன்படக் கூடாது.

நான்காவது, பெட்டி எங்கே இருக்கிறது, எப்போது திறக்கப்படும் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிய வேண்டும். 2016இல் அமெரிக்க மத்திய சர்க்கார் செய்த சட்டம், பெட்டியின் முடிவைத் தெரிந்துகொள்ளவும், அழிப்பதற்கு முன் தகவல் பெறவும் அவருக்கு உரிமை கொடுத்திருக்கிறது. உரிமை காகிதத்தோடு நிற்கக் கூடாது. ஒவ்வொரு ஊரிலும் எத்தனை பெட்டி வந்தது, எத்தனை திறந்தது, எத்தனை கிடக்கிறது என்று ஆண்டுதோறும் ஜனங்கள் அறியக் கணக்கு வெளியிட வேண்டும். டெட்ராய்டில் கிடங்கைத் திறந்து எண்ணிய பிறகுதான் எல்லாம் நகர்ந்தது என்பதை மறக்கக் கூடாது.

பெட்டியைத் திறந்தால் மட்டும் கேஸ் ஜெயித்துவிடாது என்பதும் நமக்குத் தெரியும். ஆள் பொருந்திய பிறகு அவனைத் தேடிப் பிடிக்கத் துப்பறிவோர் வேண்டும். கேஸ் நடத்த வக்கீல் வேண்டும். பத்து இருபது ஆண்டு கழித்துத் திடீரென்று கதவைத் தட்டிப் பழைய புண்ணைக் கிளறும்போது, அந்தப் பெண்ணுக்குத் துணையாக ஒருவர் வேண்டும். டெட்ராய்டில் ஆயிரக்கணக்கான பொருத்தங்கள் கிடைத்தும் தண்டனை பெற்றவர்கள் சில நூறு பேரோடு நின்றது இந்தக் குறையால்தான். ஆய்வுக்கூடத்துக்குக் கேட்கிற பணத்தோடு இதற்கும் சேர்த்தே கேட்க வேண்டும்.

எந்தப் பெட்டியை முதலில் திறப்பது என்று விஞ்ஞானிகள் கணக்குப் போடட்டும். நல்ல கணக்கு ஓர் உயிரைக் காப்பாற்றும்; மெம்பிஸ் அதைச் சொல்கிறது. ஆனால் எந்தப் பெட்டியைத் திறக்காமலே விடலாம் என்று முடிவு செய்ய எந்த விஞ்ஞானிக்கும், எந்தப் போலீஸ் அதிகாரிக்கும், எந்த நிதி மந்திரிக்கும் அதிகாரம் இல்லை. ஒவ்வொரு பெட்டியும் ஒரு பெண் கொடுத்த வாக்குமூலம். அவள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டாள். அதைக் கேட்பது சர்க்காரின் கடமை.